வடக்குப் பக்கத்து வாளி

மழைக்கு ஒதுங்கத்தான் போனேன்.
வாசலில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.
பன்னிரண்டு பவுண்ட் என்று எழுதியிருந்தது;
விரும்பினால், என்று கீழே பொடி எழுத்தில்.
மனசு தன்பாட்டுக்கு ரூபாயில் பெருக்கிப் பார்த்து
மூடிக்கொண்டது.
அட்டையைக் காட்டினேன்.
இயந்திரம் பச்சையாகச் சிரித்தது.

நான் பம்பு விற்கிறவன்.
லீட்ஸில் மூன்று நாள் கண்காட்சி, நான்காம் நாள் சும்மா.
ரயிலில் நாற்பது நிமிடம், பேராலயம் ஒன்று,
பார்க்காமல் போகாதே என்றார்கள்.
பார்த்தேன்.
தூண்கள். தூண்களுக்குப் பின்னாலும் தூண்கள்.
அண்ணாந்தவர்களின் கழுத்து பிடித்துக்கொள்ளாதிருக்க
சக்கரம் வைத்த மேசையில் கண்ணாடி பதித்து
நடுக்கூடத்தில் விட்டிருந்தார்கள்.
குனிந்தேன்.
எண்ணூறு வருஷத்துக் கூரை கீழே கிடந்தது,
அதன் நடுவில் என் மூக்குத் துவாரம்.

கையேட்டில் எல்லாம் இருந்தது,
எந்தச் சன்னலை எந்தப் படை உடைத்தது என்பது வரை.
இல்லாதது ஒன்று:
வடக்குப் பக்க நடையில்
கல்லாய்ப் படுத்திருந்த ஆயரின் காலடியில்
நீல பிளாஸ்டிக் வாளி.

சொட்டு.
பிறகு, நாம் மறந்த பிறகு,
சொட்டு.

தொழில் விடுமா.
சன்னல் பார்க்க வந்தவன் ஒழுகல் பார்த்து நின்றேன்.
ஈயத் தகடு பிளந்திருக்கும், இல்லையென்றால்
கூரை வாய்க்காலில் புறாக்கூடு.

தோளில் ஊதாப் பட்டியோடு ஒரு பெண்மணி வந்தார்.
ஹெஸ்டர் ஓல்ட்ராய்ட் என்றது மார்பு அட்டை.
செவ்வாயும் வியாழனும் இங்கே, சம்பளமில்லை;
மற்ற நாள்களில் கணவரோடு டயாலிசிஸ் வார்டில்.
"எத்தனை நாளாய் ஒழுகுகிறது?"
"ஆயிரத்து முந்நூற்று எழுபதிலிருந்து.
ஈயம் வாங்கிய கணக்கு இருக்கிறது."
சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்துச் சிரித்தார்.

மணி பன்னிரண்டு.
ஒலிபெருக்கியில் பாதிரியார் குரல், சளி பிடித்தது,
வந்தவர் எல்லாரையும்
நின்ற இடத்தில் ஒரு நிமிடம் நிற்கச் சொன்னது.
நின்றார்கள்.
படமெடுக்கத் தூக்கிய கை தூக்கியபடி.
கண்ணாடி மேசையைத் தள்ளி விளையாடிய பையன்
சக்கரம் கீச்சிட
கூரையை அங்கேயே நிறுத்தினான்.

எனக்கு அந்த ஜெபம் தெரியாது.
கையை எங்கே வைப்பது என்பதும்.
கட்டிப் பார்த்தேன், வகுப்பறைபோல் இருந்தது,
தொங்கவிட்டேன்.
நோயுற்றவர்களுக்காக, என்றது குரல்.
வழிப்பயணத்தில் இருப்பவர்களுக்காக.
அட, நான்தானே, என்று நினைக்கும்போது
சொட்டு.
அத்தனை பெரிய மௌனத்தில் அது
அண்டா உருண்ட சத்தம்.
ஹெஸ்டரின் கண் மூடியிருந்தது, உதடு அசைந்தது.
நான் எண்ணினேன்.
ஒன்பது வந்தபோது நிமிடம் முடிந்தது.

வாளி நிறைய இரண்டு விரற்கடை பாக்கி.
"ஒரு கை கொடுப்பீர்களா, என் தோள்பட்டை சரியில்லை."
தூக்கினேன். முழங்காலில் தளும்பியது.
தாழ்ப்பாள் கனத்த சின்னக் கதவு,
நடுவில் தேய்ந்து குழிந்த படி,
வெளியே புல்.
மேலே கல் பூதங்கள் வாய்வழியே
மழையைத் துப்பிக்கொண்டிருந்தன.
"எங்கே ஊற்ற?"
"எங்கே வேண்டுமானாலும்."
மழைக்குள் ஊற்றினேன்.

காலி வாளியில் முதல் சொட்டு
வேறு சுதியில் விழுந்தது.
ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தலாமே என்றேன்.
"ஆயர்மேல் தெறிக்கும்," என்று மறுத்துவிட்டார்.
என் விலாச அட்டையைக் கொடுத்தேன்,
இந்த வேலைக்கு எங்களிடம் பம்பு இல்லை
என்று தெரிந்தே.

நாலு பத்துக்கு ரயில்.
கால்சட்டைப் பையில் நனைந்துபோன நுழைவுச்சீட்டு:
இன்றிலிருந்து ஓராண்டு செல்லும்,
எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம்.
மை கரைந்து
தேதி மட்டும் நிற்கிறது,
எந்த வருஷம் என்று தெரியவில்லை.