கடைசி இலை

சனிக்கிழமை இரவே ஹெல்மெட்டுகளை எண்ணி
அலமாரியில் கவிழ்த்துவிட்டேன்.
தொண்ணூற்றெட்டு. ஒன்றில் விரிசல்.
கேன்சஸ் குளிர் சன்னலில் வெள்ளையாய்ப் படிந்திருந்தது.

ஆறு ஆட்டம் ஜெயித்தால் கிண்ணப் போட்டிக்கு அழைப்பு வரும்.
நாங்கள் ஐந்து.
ஆறாவது
முப்பத்தோரு கஜத்திலிருந்து கிளம்பிக்
கம்பத்தில் பட்டுத் திரும்பியது.
உதைத்த ஓரின் வெல்ட்காம்ப்
அந்தச் சட்டையை இன்னும் துவைக்கப் போடவில்லை.

ஞாயிறு மதியம் தொலைக்காட்சியில்
டை கட்டியவர்கள் பந்தி விசாரித்தார்கள்:
எந்த ஊர் ரசிகர்கள் விமானம் ஏறுவார்கள்,
யார் வந்தால் ஓட்டல் அறைகள் நிரம்பும்,
போன வருடம் யாரை யாருக்கு எதிரில் உட்காரவைத்தோம்.
நடுநடுவே
ஆட்டத்தைப் பற்றியும் பேசினார்கள்.

நாலு மணிக்குக் கோச் ஓடிவந்தார், ஒரு காலில் ஷூ இல்லை.
ஆறு ஜெயித்தவர்கள் போதவில்லையாம்,
கடைசி இலை காலியாம்.
தோற்றவர்களில்
நன்றாகப் படித்தவர்களைக் கூப்பிடுகிறார்களாம்.

எனக்கு டூயி ஹாஸ்காம்ப் ஞாபகம் வந்தது.
நாலு வருடத்தில் ஒரு நிமிடம்கூட ஆடாதவன்.
அவன் சட்டையை மடித்திருக்கிறேன், துவைத்ததில்லை.
பஸ்ஸில் எல்லாரும் உறங்க
வேதியியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பான்.
'லைட்டை அணை'யென்று கத்தியதே நான்தான்.

அலபாமாவில், ஒரு மெத்தைக் கம்பெனியின் கிண்ணம்.
செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி.
யார் பார்ப்பார்கள்?

ஹெல்மெட்டுகளை மல்லாத்தி எண்ண ஆரம்பித்தேன்.
நாற்பதாவதில் ஓரின் வந்து
ஒன்றும் சொல்லாமல் சட்டையை நீட்டினான்.
புல்கறை. வெந்நீர் ஆகாது.
பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தேன்.