புதன்கிழமை ஆட்டக்காரன்

ஏழாம் பக்கத்தில் நின்றுவிட்டாள் வெர்னீஸ்.
'காயம் எந்த ஆட்டத்தில் ஏற்பட்டது?
ஆட்டம், மைதானம், எதிரணி.'
மூன்று கோடுகள்.
டொலீடோ நகரத்துப் பனி
வாசலில் மூன்று நாளாக அள்ளாமல் கிடக்கிறது.
அள்ளுகிறவன் குளியலறையில்
விளக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறான்.
வெளிச்சம் கழுத்துக்குள் இறங்கிக் குத்துகிறதாம்.

ஓடெல் ப்ரூவிட்டுக்கு ஆட்டம் என்று ஒன்று
பெரும்பாலும் இருந்ததே இல்லை.
தோளும் தலைக்கவசமும் மோதுகிற கால்பந்து அது;
காலுக்கு அதில் வேலை குறைவு.
ஞாயிற்றுக்கிழமை எதிரே வரப்போகிறவனைப் போல
புதன்கிழமை நின்று காட்டுவது அவன் உத்தியோகம்.
அவனைப் போல் குனிந்து,
அவனைப் போல் இடப்பக்கம் ஏமாற்றி,
அவன் எண்ணையே சிவப்புத் துணியில் மாட்டிக்கொண்டு
சொந்த அணியிடம் அடி வாங்கவேண்டும்.
ஞாயிறன்று கோட்டுக்கு வெளியே
தண்ணீர்ப் புட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்பான்,
மடிப்புக் கலையாத சட்டையோடு.

"இந்த வாரம் நீ யாரு?" என்று
அந்நாளில் செவ்வாய் இரவு கேட்பாள்.
"தொண்ணூத்தொண்ணு. டென்வர்க்காரன். முரடன்" என்பான்,
இறைச்சியை இரண்டாம் முறை போட்டுக்கொண்டே.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று
சொல்லிப் பழகிய மொழியில் இதை எழுதுகிறேன்.
அவனுக்குப் புதன் கிடைத்துக்கொண்டே இருந்தது.

க்ளீவ்லாண்டில் ஒரு டாக்டர்,
அவர்கள் பட்டியலில் உள்ளவர்.
கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னார்.
ஓடெல் கன்னத்தைத் தொட்டான்.
வளைந்தே நின்றுவிட்ட இரண்டு விரல்களையும்
ஒரு பழைய கடிகாரம்போல் திருப்பிப் பார்த்துவிட்டு
'வயதுக்கேற்ற தேய்மானம்' என்று எழுதினார்.
யாருடைய வயது, என்று வெர்னீஸ் கேட்டாள்.
அவனுக்கு ஐம்பத்தெட்டு.

ஓய்வூதியத்துக்கு மூன்று பருவம் வேண்டும்.
ஒரு பருவம் கணக்கில் ஏற
மூன்று ஆட்டத்துக்காவது பட்டியலில் பெயர் வேண்டும்.
ஓடெலுக்கு இரண்டு பருவமும்
மேற்கொண்டு இரண்டு ஆட்டமும்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை குறைகிறது.
அதை எந்தக் கடையில் வாங்குவது என்று
சங்கத்து அலுவலகப் பெண்ணிடம் கேட்டாள்.
அவளும் நல்லவள்தான். சற்று நேரம் பேசவில்லை.
பிறகு, கருணை நிதி என்று ஒன்று உண்டு என்றாள்,
ஒரு முழங்காலுக்கு வரும்.
எந்தக் கால் என்று எழுதவேண்டும்.
சாட்சி ஒருவர் கையெழுத்தும்.

சாட்சி என்றால் பார்த்தவன்.
கிட்டத்திலிருந்து பார்த்தவன் அடித்தவன்.
க்ளீடஸ் மேபரி. பதினோரு பருவம், முழு ஓய்வூதியம்.
துல்சாவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில்
மகளை நர்ஸ் என்றும் நர்ஸை அம்மா என்றும் கூப்பிடுகிறான்.
மகள்தான் போனை அவன் காதில் பிடித்திருந்தாள்.
"ஓடெல் வீட்டிலிருந்து பேசறேன்" என்றதும்
நெடுநேரம் மூச்சு மட்டும்.
அப்புறம், கண்ணாடி துடைத்ததுபோல:
"இடது தோளை இறக்கச் சொல்லும்மா.
எத்தனை தடவை சொல்றது.
நிமிர்ந்தே நிக்கிறான்.
எனக்கு வேற வழியில்ல."

கையெழுத்துப் போட அவனால் ஆகாது.
போட்டாலும் செல்லாது.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை;
இன்னும் நாற்பது நிமிடம்.
பேனாவை உதறி
ஆட்டம் என்ற கோட்டில் எழுதுகிறாள்: புதன்.
மைதானம்: பின்பக்கத்துப் பயிற்சிப் புல்.
எதிரணி என்ற இடத்தில்
எழுதி, அடித்து, மறுபடி அதையே எழுதுகிறாள்:
நம்ம ஆட்கள்.
எந்தக் கால் என்பது காலியாக இருக்கிறது.
வீட்டில் படிகள் பதினான்கு.

குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து
வேலைக்குக் கிளம்புகிறவனின் குரலில் வருகிறது:
"வெர்னீஸ், இந்த வாரம் நான் யாரு?"

சமையலறை விளக்கையும் அணைத்துவிட்டு
அவள் அந்தப் பக்கம் போகிறாள்.