கிளாட்வின் அண்ணன்

ஒன்பது இருபது கருங்கல் வண்டியில்
டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டு.
பள்ளியாடி தாண்டியதும்
சங்கிலியை ஜாக்கெட்டுக்குள் தள்ளி
இரண்டு ஊக்கு.
ஒன்று போதாதா என்பாள் கடையில் ரெஜிலா.
அவள் வெட்டம் இருக்கும்போதே வீடு சேர்கிறவள்.

பை, மதில் பக்கத்துத் தோளில்.
சாவி, இரண்டு விரலுக்கு நடுவே முனை வெளியே தெரிய.
பின்னால் வரும் பைக் சத்தம்
கூடினால் பயமில்லை.
மெலிந்தால்
யாராவது வீட்டு கேட்டில் கைவைத்து நின்றுவிடுவேன்,
என் வீடுபோல.
வழி கேட்பவனுக்கு
கை எட்டாத தூரத்திலிருந்து "தெரியாது."
முப்பத்தொரு வருஷமாய் நான் நடக்கிற வழி அது.

அப்புறம் போன்.
"எண்ணே, இறங்கியாச்சு.
டார்ச்சை எடுத்துட்டு முக்குக்கு வாருங்க."

எனக்கு அண்ணன் கிடையாது.
பஸ்ஸின் கடைசிப் படியிலிருந்து
எங்கள் வீட்டு முதல் படிவரைக்கும் மட்டும்
ஒருவன் இருக்கிறான், கிளாட்வின்.
முதலில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தான்.
ஆவணியில் சானல் கரையில்
லில்லிபுஷ்பம் டீச்சரைச் சங்கிலியோடு சேர்த்து
பத்தடி இழுத்துப் போனார்களே, அதற்குப் பிறகு
நானே அவனைப் போலீசில் சேர்த்துவிட்டேன்.
ஆறடி. முன்கோபம்.
சில ராத்திரி எனக்கே கொஞ்சம் பேடி.
"செரி, யாரையும் கேக்காம அடிச்சிராதீங்க" என்பேன்,
ரப்பர் விளை முழுக்கக் கேட்கிற மாதிரி,
சார்ஜ் செத்த போனில்.

நேற்று என்னோடு ஒருத்தன் இறங்கினான்.
இந்த ஸ்டாப்பில் பார்த்திராத முகம்.
முகத்தை எங்கே பார்த்தேன்,
கையைத்தான் பார்த்தேன்.
நான் வேகமாய் நடந்தால்
அவன் செருப்பு வேகமாகவில்லை.
நான் நின்றால் அதுவும் நின்றது.

"எண்ணே, ஜீப்பு வந்தாச்சா?"

பின்னாலும் ஒரு குரல் எழுந்தது.
"ஆமாடே, இறங்கிட்டேன். சானல் ரோட்டுல வாறேன்.
முன்னால ஒரு அக்கா போறாவ.
நான் பையதான் வாறேன்.
அவிய பயந்திரப்பிடாதுல்லா."

கள்ளனும் இதைத்தான் சொல்லுவான்.

"எத்தன பேரு ஜீப்புல? நாலா?"

"இல்லடே, நம்ம ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு"
என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கையில்
அவன் காதில் வைத்திருந்த போன்
மணியடித்தது.

தவளைகள்கூட நிறுத்திக்கொண்டன.

அப்படியானால்
அவனும் இவ்வளவு நேரம் யாரோடும் பேசவில்லை.
எனக்காகத்தானா அது?
அல்லது என்னை ஏய்க்கவா?
சாவி உள்ளங்கையில் பதிந்தது.
மூன்று மணியடித்தும் அவன் எடுக்கவில்லை.
நாலாவதில், ரொம்பத் தாழ்ந்து,
"ம். கிட்ட வந்தாச்சு. கஞ்சி குடிச்சாளா?"

பிறகு ரோட்டின் அந்தப் பக்கம் தாண்டி
தலையைக் குனிந்தபடி
என்னைக் கடந்து ஓட்டமாய்ப் போனான்.
குருசடி டியூப்லைட்டின் கீழே தெரிந்தது
அக்குளில் இடுக்கிய எக்ஸ்ரே கவர்.
பஸ்ஸிலும் அது இருந்திருக்கும்.
இரண்டு கையையும் அவ்வளவு நேரம் பார்த்த எனக்கு
அது படவில்லை.

வீட்டில் கதவைச் சாத்தி, மேல்தாழ், கீழ்தாழ்.
ஊக்கைக் கழற்றும்போது
சாவி பதிந்த பள்ளம் எரிந்தது.
அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
என்ன வார்த்தை என்றுதான் தெரியவில்லை.
சொல்லாததும் தப்பில்லை என்று
படுத்தபிறகு பட்டது.
பட்டும் உறக்கம் வரவில்லை.

இன்றைக்கும் பள்ளியாடி தாண்டியதும்
இரண்டு ஊக்கு.
இன்றைக்கு என்னோடு யாரும் இறங்கவில்லை.
"எண்ணே" என்கிறேன்,
"நேத்தைக்கு அந்த எக்ஸ்ரே கொண்டுவந்த ஆளு,
அவிய வீட்டுல யாருக்கு சொகமில்ல?"

கிளாட்வினுக்குத் தெரியவில்லை.

பின்னால் ஒரு பைக்.
சத்தம் மெலிகிறது.
கேட்டில் கைவைக்கிறேன்.