ஒரே பீப்பாய்

எங்கள் சர்வீஸ் சென்டரில்
ஒரே ஒரு பீப்பாய்.
ரசீதில் மட்டும் பதினோரு வகை எண்ணெய்.

பின்கட்டில், தேய்ந்த டயர்களுக்கு நடுவே நிற்கிறது.
நீல நிறம். மூடியெல்லாம் திமோஃபேயின் கைரேகை.
பதினைந்து டபிள்யூ நாற்பது.
டீசல் லாரிக்கு நல்லது,
கோடைக்கு மிக நல்லது.
பவ்லதாரில் கோடை
மே கடைசியில் வந்து
செப்டம்பரில் சொல்லாமல் போய்விடும்.

வண்டி எண்ணைத் தட்டினால்
அந்த எஞ்சின் என்ன குடிக்கும் என்று திரை காட்டும்:
ஜீரோ டபிள்யூ இருபது.
அதை ரசீதில் ஏற்றிக் கையெழுத்திடுவது என் வேலை.
நான் பொய் எழுதவில்லை,
திரை சொன்னதை எழுதினேன்.
இதை எனக்கு நானே
மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
பால் விட்ட தேநீரோடு காத்திருப்பார்கள்.
சிலர் எழுந்து வந்து
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள்.
பார்த்து என்ன?
ஊற்றும்போது எல்லாம் ஒரே தேன் நிறம்.

டிசம்பர் பதினேழு. மைனஸ் முப்பத்து மூன்று.
ஜவுரேஷ் வந்தாள்,
ஆற்றுக்கு அக்கரைப் பண்ணைகளின் கால்நடை மருத்துவர்.
வந்தது நிலக்கரி லாரியில், ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து.
கையில் துண்டில் சுற்றிய இரண்டு ஜாம் பாட்டில்.

ஒன்றில், கடையில் வாங்கிய புது எண்ணெய்.
மற்றதில், அவள் வண்டியிலிருந்து
குதிரைக்கு ஊசி போடும் சிரிஞ்சால் உறிஞ்சியது.
இரண்டும் ராத்திரி முழுக்க
பால்கனியில் இருந்தவை.

கவுண்டரில் வைத்து இரண்டையும் சாய்த்தாள்.
ஒன்று ஓடியது.
மற்றது யோசித்தது.
எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்,
அது யோசித்துக்கொண்டே இருந்தது.

முதலாளி சகிந்திக் வெளியே வந்தார்.
"குளிர் என்றால் எண்ணெய் இறுகத்தானே செய்யும், டாக்டர்.
வண்டியைக் கொண்டுவாருங்கள்,
இலவசமாகக் கழுவித் தருகிறோம்."
இந்தக் குளிரில் கழுவினால்
கதவு ஏப்ரலில்தான் திறக்கும்.
யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை.

"கிளம்ப ஐம்பது நிமிடம் ஆயிற்று" என்றாள்,
மருந்துச்சீட்டு வாசிக்கிற குரலில்.
"கன்று பிழைத்துக்கொண்டது."
அதோடு நிறுத்திக்கொண்டாள்.

பிறகு முதலாளியைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.
நவம்பர் ரசீதைப் பிரித்துக் காட்டினாள்.
"நீங்கள்தானே?"
"ஆமாம்."
"அழகான கையெழுத்து."
கோபப்பட்டிருந்தால்
பதில் சொல்லப் பழகியிருக்கிறேன்.

பணம் திருப்பிக் கொடுத்தோம். எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.
பாட்டில்களை விட்டுவிட்டுப் போனாள்.
மதியத்துக்குள் ஹீட்டர் பக்கத்தில்
அந்தக் கறுப்பும் இளகி,
ஒன்றுமே நடக்காததுபோல் அலைந்தது.
திமோஃபே அதை எடுத்துப் பின்கட்டுக்குக் கொண்டுபோனான்.
எங்கே கொட்டினான் என்று கேட்கவில்லை.

ஆறு மணிக்கு வெளியே வந்தேன்.
என் பழைய வண்டி முதல் திருப்பிலேயே பிடித்தது.
பிடிக்காதா?
அக்டோபரில் ஒரு ராத்திரி,
சந்தையில் நான்கு லிட்டர் வாங்கி
அட்டையை விரித்து அடியில் படுத்து
நானே மாற்றியது.
எங்கள் சென்டரில் விடவில்லை.

பக்கத்தில் வெள்ளை நிறக் கார் ஒன்று
சாவியைத் திருப்பத் திருப்ப முனகியது.
பின்னால் குழந்தை, முகம் வரை கம்பளி.
அந்த வண்டிக்கும் ரசீது எழுதியது நான்தான்,
போன வெள்ளிக்கிழமை.

கேபிளை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
அந்த மனிதர் நன்றியோடு பானெட்டைத் தூக்கினார்,
மீசையில் பனி.
"பேட்டரிதான் வீக்காகிவிட்டது போல" என்றார்.

நான் தலையாட்டினேன்.