எழுகடல் தெருத் தொலைநோக்கி

பாத்திரக் கடையில் எடைக்கு வாங்கினோம்.
பித்தளை பதினொரு கிலோ இருநூறு.
கண்ணாடியைக் கழித்துவிட்டு எடைபோட்டார் கடைக்காரர்,
நேர்மையானவர்.
மூன்றரை அங்குல லென்ஸ். வளையத்தில் 1909, லண்டன்.
ஓரத்தில் பூஞ்சை
வற்றிய வைகை மாதிரி கிளை கிளையாய்.
லாரி அச்சை அறுத்து
லேத்தில் தாங்கி கடைந்தார் அருளானந்து.
வசிஷ்டர் என்பது இரண்டு பேர் என்று
முதல் ராத்திரியே காட்டிக்கொடுத்தது அது.

குட்லாடம்பட்டியில் துளசிராமின் மச்சான் தோப்பு,
மோட்டார் ரூம் மொட்டைமாடி.
நாலு பேர், ஒரு பிளாஸ்க்.
எனக்கு மின்வாரியத்தில் வேலை.
அங்கே ஒரு தெருவிளக்கு மட்டும்
மாதத்தில் பாதி நாள் பழுது.

பங்குனி அமாவாசைக்கு முந்தின நாள்
சிறுமலைக்கு மேலே முதலில் அருந்ததி போனாள்.
மேகம் என்றேன்.
மேகத்தில் சுக்குநாறிப்புல் வாசம் வருமா என்றாள் ஷாஜிதா.

முகட்டுக்குக் கீழே ஒரு சிவப்பு நூல்.
வெறுங்கண்ணுக்கு அவ்வளவுதான்.
நிமிர்ந்தே பழகிய குழாயைப் படுக்க வைத்தோம்,
தாங்கி கீச்சிட்டது,
அது இதற்குச் செய்ததல்ல.

வட்டத்துக்குள் மலை தலைகீழ்.
தீ கீழ்நோக்கி ஒழுகியது,
கரண்டியிலிருந்து வெல்லப்பாகு இறங்குவதுபோல,
அவசரமில்லாமல்.
காட்டுமாடுகள் ஆறு,
குளம்பெல்லாம் மேலே,
எந்தப் பக்கம் ஓடுவதென்று நின்றன.

மேலே எட்டுப் பேர், கையில் பச்சைக் குழை.
புகைக்குள் பத்தடி தெரியாது.
போனில் வாட்சர் மொக்கைச்சாமி:
சார், எந்தப் பக்கமா ஏறுது?
வலப்பக்கம், ஓடையைப் பார்த்து, என்றேன்.
ஷாஜிதா போனைப் பிடுங்கினாள்.
இல்லண்ணே, இடப்பக்கம். இடப்பக்கம்.
இவர் கண்ணாடிக்குள்ள பார்த்துச் சொல்றாரு.

பன்னிரண்டு வருஷமாய்
இடவலம் மாறித்தான் பார்த்திருக்கிறேன்.
நட்சத்திரங்களில் யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

ஏறுகிறவனுக்கு இடமா, இறங்குகிறவனுக்கு இடமா?
அதுவும் குழப்பம்.
அப்புறம் கிழக்கு மேற்கு மட்டும் பேசினோம்.
துளசிராம் நோட்டில் வட்டம் போட்டு
தீயை வரைந்தார், நேரம் குறித்தார்,
தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

மூன்று ராத்திரி.
லென்ஸில் சாம்பல் விழுந்தது.
துடைக்காதே, கீறும்.
ஊதாதே, எச்சில் தெறிக்கும்.
அப்படியே பார்த்தோம்.

மூன்றாம் ராத்திரி காற்று திரும்பிற்று.
தோப்புக்கு மேலே மூங்கில் வெடித்தது
வேட்டு மாதிரி.
கழற்றுங்க, ஸ்கூட்டர்ல ஏத்திட்டுப் போயிருவோம்,
அதுக்கு ஸ்பேர் கிடைக்காது, என்றார் மச்சான்.
உண்மைதான். கிடைக்காது.
அருளானந்து ஸ்பேனரை எடுத்தார்.
போல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஷாஜிதா குனிந்து கண்ணை வைத்தாள்:
மேற்கே. இன்னும் மேற்கே.

விடியலில் இறங்கி வந்தார்கள்.
எண்ணினோம், எட்டு.
காட்டுமாடுகளை எண்ண முடியவில்லை.
மொக்கைச்சாமி மோட்டார் தண்ணியில் தலையைக் காட்டிவிட்டு
ஈரத்தோடு மேலே ஏறினார்.
எதுலதான் சார் பார்த்தீங்க?
குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்திருந்தார்.
என்ன சார் இது, மலை தொங்குது, என்றார்.

போன வாரம் மறுபடி வசிஷ்டரைப் பிரித்தோம்.
குமிழைத் திருகினால்
மரைக்குள் நறநறவென்கிறது.
வாசம் இன்னும் போகவில்லை.

நோட்டில் அந்த மூன்று ராத்திரிப் பக்கங்களில்
ஒரு வட்டத்துக்குள்
தொங்கும் முகடு, ஒழுகும் தீ.
அதற்கும் கீழே, விளிம்பை ஒட்டி,
கவனமாய் வைத்த ஒரு புள்ளி.
வரைந்தது நானில்லை என்கிறோம் நாலு பேரும்.
நேரம் எழுதியிருக்கிறது: 2.40.
எந்த நட்சத்திரம் என்று
துளசிராம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.