எவ்வளவு தேறும்

பிப்ரவரி. ஐசர் ஆற்றுக்கு மேலே
மழை என்று சொல்ல முடியாத ஓர் ஈரம்.
திவாலான மதுவடிப்பகத்தின் சாவி
நீதிமன்ற உறையில் என்னிடம் இருந்தது.
கதவைத் திறந்தவரோ ஒடீல் வெர்ஹேகே.
தன் வீடுபோல, உள்ளே வாருங்கள் என்றார்.
சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

நான் மதிப்பீட்டாளர்.
எது எவ்வளவு தேறும் என்று எழுதுவது என் பிழைப்பு.
செப்புக் கொப்பரை இரண்டு: உலோக எடைக்கு.
போத்தல் மூடும் இயந்திரம்: ஒரு கை உடைந்தது.
கணக்கறை நாற்காலி நான்கு.
ஒன்றில் பூனை.
பூனையை எழுதவில்லை.

கடைசியாக நிலவறை.
ஓக் பீப்பாய் பதினேழு.
பதினாறைத் தட்டினால்
ஆளில்லாத வீட்டின் குரல்.
பதினேழாவது பதிலே சொல்லவில்லை.

"இதில் என்ன?"
"ஏல். பதினொன்றரை சதவீதம்.
மூன்று குளிர்காலமாக உள்ளே இருக்கிறது."

பட்டியலில் இருநூற்றிருபத்தைந்து லிட்டர்.
அளவுகோலை இறக்கினேன்:
நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
மீதி முப்பத்தொன்று எங்கே?
கூரையைப் பார்த்தார், பிறகு மரத்தைப் பார்த்தார்.
"காற்று பாதி, பீப்பாய் பாதி.
இத்தனை நாள் கூடவே இருந்தால்
கொஞ்சம் குடிக்கத்தானே செய்யும்."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
திருட்டு உண்டு. உடைசல் உண்டு.
எலிக்குக்கூடத் தனிக் கட்டம் உண்டு.

சுவைக்காமல் எப்படி விலை போடுவீர்கள், என்றார்.
எனக்குச் சளி, என்றேன்.
அதற்குள் பீப்பாயின் நெற்றியிலிருந்து
ஆணியைப் பிடுங்கிவிட்டார்.
நூல்போல ஒரு தாரை
விளிம்பு சிதைந்த இரண்டு குவளைகளில் மாறி மாறி விழுந்தது.
நுரை இல்லை.
நுரைக்கும் வயதைத் தாண்டிய தேறல்.
வெளிச்சத்துக்குத் தூக்கினால் சிவப்பு,
இறக்கினால் கறுப்பு.

"உடனே வேண்டாம். உள்ளங்கையில் வைத்திருங்கள்.
குளிரில் அது வாய் திறக்காது."

பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பவர்கள்போல நின்றோம்,
குவளையைப் பொத்திக்கொண்டு,
பேச ஒன்றுமில்லாமல்.

முதல் மிடறு இனிப்பு.
'இனிப்பு' என்று எழுதிக்கொண்டேன்.

இரண்டாவதில்
அடைத்த மூக்கின் பின்கதவை யாரோ தட்டினார்கள்.
உலர்ந்த திராட்சை.
அடுப்பில் மறந்துபோன சர்க்கரை, கருகுவதற்கு ஒரு நொடி முன்.
அத்திப்பழம்: சதை அல்ல, தோல்.
இனிப்பு இப்படியே போனால் திகட்டிவிடும் என்று நினைத்தபோது
பின்னாலேயே வந்தது மரம்.
நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்து
துவர்ப்பு,
போதும் என்று சொல்லத் தெரிந்த ஒரே சுவை.
பிறகு தொண்டைக்குக் கீழே
கணப்பை யாரோ மெல்லக் கிளறினார்கள்.

'இனிப்பு' என்பதை அடித்தேன்.
வேறு எதையும் எழுத வரவில்லை.

அப்போதுதான் கேட்டார், முதல் தடவையாக:
"எவ்வளவு தேறும்?"

வங்கிக்குப் பதினெட்டாயிரம் கடன்.
வரி கட்டாத பீப்பாய்.
வெள்ளிக்கிழமை ஏலத்தில் கேட்க ஆளில்லை என்றால்
சாக்கடையில் திறந்துவிடுவார்கள், அதிகாரி முன்னிலையில்.
ஆறுதல் தேறுதல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.
இன்னும் ஒரு குவளை ஊற்றினார்.
வேண்டாம் என்று நான் சொன்னதாக நினைவில்லை.

"எழுதாமல் விட முடியாதா?
பூனையை விட்டீர்களே, பார்த்தேன்."

"பூனை தானே நடந்து போய்விடும், ஐயா."

அவர் சிரித்த சிரிப்பில்
நிலவறை ஒரு கணம் நிரம்பியதுபோல் இருந்தது,
அந்தக் காலி பதினாறும் சேர்ந்து.

படிவத்தின் ஓரத்தில்
அளவுகோல் வைத்து ஒரு புதுக் கட்டம் போட்டேன்.
தலைப்பு: மரம் குடித்தது.
முப்பத்தொன்று என்று எழுதப் போனவள் நின்று
மறுபடியும் அளந்தேன்.
நூற்றுத் தொண்ணூற்று மூன்றரை.

அந்த அரை லிட்டரையும்
மரத்தின் கணக்கிலேயே எழுதினேன்.