அவுட்

என் வேலை குறை கண்டுபிடிப்பது.
ஓசூர் சிப்காட், பெயின்ட் ஷாப்.
டியூப்லைட் வரிசைக்குக் கீழே
பெட்ரோல் டாங்குகள் ஒவ்வொன்றாய் நகர்ந்து வரும்.
தூசி, கொப்புளம், வழிந்த கோடு,
கடுகில் பாதி அளவுப் புள்ளி:
ஒன்பது வருஷமாய்
எதுவும் என்னைத் தாண்டிப் போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை
சூளகிரி தாண்டி ஒரு தைலமரத் தோப்பில்
அதே நான்
டயர் அடுக்குக்குப் பின்னால் குப்புறக் கிடப்பேன்.
நானூறு ரூபாய்க்கு ஐம்பது குண்டு.
முகமூடிக்குள் என் மூச்சே பனியாய்ப் படிய
எதிரி மங்கலாய்த் தெரிவான்.
எதிரி என்றால் மாதேஷ், வெல்டிங் செக்‌ஷன்,
தயிர்சாதம் கொண்டுவந்து
எல்லாருக்கும் பங்கு வைக்கிறவன்.
டப்.
என் தோளில் ஒரு மஞ்சள் உடைந்து
சில்லென்று வழியும்,
திட்டுத் திட்டாய், தாறுமாறாய்.
யாரும் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டமாட்டார்கள்.
கையைத் தூக்கி "அவுட்!" என்று கத்திவிட்டு
சிரித்துக்கொண்டே கயிற்றுக்கு வெளியே போவேன்.

வலிக்காதா என்கிறார்கள். வலிக்கும்.
திங்கள் சிவப்பு, புதன் நாவல்பழம்,
வெள்ளிக்குள் பச்சையோடி, சனி வெளிர்மஞ்சள்.
வட்டமாய் இருக்கும், நடு வெளுத்து,
ஐந்து ரூபாய் நாணயத்தை அழுத்தி எடுத்த மாதிரி.
கம்பெனி நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்:
"வீட்டுக்காரர் கைநீட்டுவாரா?"
அவர் ஈ அடிக்கவே எழுந்திருக்க மாட்டார் என்று
விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு
இரண்டு வாரம் கழித்துத் தொண்டையில் சிக்கியது.
கேன்டீனில் நாகவேணி,
பேக்கிங், தேன்கனிக்கோட்டைக்காரி,
மே மாசத்திலும் முழுக்கை போடுகிறவள்,
சாம்பார் வாளிக்குக் கை நீட்டினாள்.
துணி மேலேறியது.
வட்டம் இல்லை.
நான்கு, வரிசையாய், விரல் இடைவெளியில்.
நாவல்பழ நிறம். அன்று வியாழன்.
எண்ணிப் பார்த்தேன்: செவ்வாய்க்கிழமை.

நர்ஸ் மாதிரிக் கேட்க எனக்கு வரவில்லை.
"ஞாயித்துக்கெழம விளையாட வர்றியா?" என்றேன்.
அபத்தம்தான்.

ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள்.
மைதானக்காரர் இலியாஸ் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்,
எப்படிப் பிடிப்பது, எங்கே ஒளிவது, முகமூடி கழற்றக் கூடாது.
அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்.
"கையத் தூக்கினா நிறுத்திருவாங்களா?"
"நிறுத்தணும்க்கா. அதான் ரூல்."
"கோவத்துல இருந்தாலும்?"
இலியாஸ் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.
"கோவத்துல இருந்தாலும்."

விசில் ஊதி அரை நிமிஷம்கூட ஆகவில்லை.
ஒருத்தரும் சுடவில்லை.
டிரம்முக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்று
இரண்டு கையையும் தூக்கினாள்.
பத்தடியில் மாதேஷ், விசையில் விரல்.
தாழ்த்தினான்.
வலப்பக்கம் ஒருவன் தாழ்த்தினான், மரத்தடியில் இன்னொருவன்.
பெங்களூர் ரோட்டில் லாரிச் சத்தம் மட்டும்.
அவள் அப்படியே நின்றாள்,
தேவைக்கும் அதிக நேரம்.

இரண்டாவது ரவுண்டிலும் அதே.
மூன்றாவதிலும்.
குண்டுக்காசு தண்டம் என்று யாரோ முனகினார்கள்.
நாலாவதில் எழுந்திருக்கவில்லை.
எதிரே ஆளில்லாத பாறை ஒன்று,
யானை படுத்த மாதிரி.
ஐம்பதையும் அதன்மேல் சுட்டாள்.
சுட்டு முடித்து, என்னுடையதையும் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில்,
டியூப்லைட்டுக்குக் கீழே அவளை நிறுத்தினேன்.
ஓவர்டைம் போனவள்மேல் பெயின்ட் இருக்கக் கூடாது.
முன்னால், பின்னால், நகக்கண், முடி.
வலது காதுமடலுக்குப் பின்னால்
கடுகில் பாதி, பச்சை.
கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன்.
"ஓகே" என்றேன், டாங்குக்குச் சொல்கிற அதே குரலில்.

பஸ் கிளம்பும்போது
ஜன்னல் வழியே எட்டிக் கேட்டாள்:
"அடுத்த ஞாயிறும் ஓவர்டைம் இருக்குமாக்கா?"